விநாடி முள்ளைத் தவிர

1

இந்தக் கதை ஓர் அதட்டலில் பிறந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மற்றவர்கள் மழை என்பார்கள், ஜன்னல் என்பார்கள், எங்கோ அடித்த ஒரு வாசனை என்று அளப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஊர்ல இருக்கிறவங்க கதையெல்லாம் எழுதுற. கூடப் பொறந்தவ ஒருத்தி கல்லு மாதிரி எதிர்ல உக்காந்திருக்கேன். என்னைப் பத்தி ஒரு வரி எழுதினியாடி?"

"எழுதினா திட்டுவே."

"திட்டுறது என் உரிமை, எழுதுறது உன் வேலை. எழுது. ஆனா ஒண்ணு. படிச்சு முடிச்சுட்டு எவளாவது 'ஐயோ பாவம்'னு சொன்னா உன்னைத் தொலைச்சுடுவேன்."

ஆகவே வாசகரே, உங்களிடம் முதலிலேயே கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சொல்லத் தோன்றினால் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பாம்புக் காது.

2

முதல் தொடக்கம்: "காற்றில் நடுங்கும் இலையைப் போல அவள் கைகள்—"

(அடித்துவிட்டேன். இலையும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: "காலம் என்பது யாருக்கும்—"

(இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதினால் காலத்தைப் பற்றித் தத்துவம் பேசியே தீரவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? அக்கா ஒரு நாளும் காலத்தைப் பற்றிப் பேசியதில்லை. டயலின் நிறத்தைப் பற்றிப் பேசுவாள். சாவி கொடுக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்தச் சின்னச் சின்னக் கடிகளைப் பற்றி, யாரும் கேட்காமலே, சாப்பாடு ஆறும்வரை பேசுவாள்.)

மூன்றாம் தொடக்கத்தில் புத்தி வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அக்கா பொய்ப்பல் செய்பவள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக உட்காரவைத்து, மெருகேற்றி அனுப்புவது அவள் வேலை. தெருவில் யாராவது சிரித்தால் போதும், "அது நம்ம கடைச் சரக்கு" என்று என் இடுப்பில் இடிப்பாள். விரல் நுனியில் உயிரை வைத்திருந்தவள்.

அவளுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் கைக்கடிகாரம். பெரிய பெயர் போட்ட, பெட்டகத்தில் பூட்டிவைக்கிற ரகமெல்லாம் இல்லை. சாவி கொடுத்து ஓட்டும் பழைய வாட்ச். கை அசைவில் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். கண்ணாடி கீறிப்போய், பழைய பொருள் விற்கும் சந்தையில் பழைய கத்திரிக்கோலுக்கும் கதவுப் பிடிக்கும் நடுவே கிடப்பவை.* வாங்கி வந்து, துடைத்து, வார் மாற்றி, அலமாரியின் இழுப்பறையில் துண்டு விரித்து வரிசையாகப் படுக்கவைப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, இழுப்பறையைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாக வேண்டும்.

*அவளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைக்கு மேல் எந்த வாட்ச்சுக்கும் கொடுக்கமாட்டாள். "கால்ல போடறத விட கையில போடறது ஒசத்தியாகிடுச்சுன்னா, அப்புறம் நடக்கவே தோணாது" என்பாள். அர்த்தம் புரியவில்லை. ஆனால் விதியை அவள் மீறியதில்லை.

அவள் கணவர், எனக்கு மாமா, லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மணி பார்க்க வேண்டுமென்றால் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார். கல்யாணமான புதிதில் கேட்ட கேள்வியை இன்னும் விடாமல் கேட்கிறார்:

"கை இருக்கிறது ரெண்டு. அதுல வாட்ச் கட்டுறது ஒண்ணு. உனக்கு எதுக்கும்மா இத்தனை?"

இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வையுங்கள். பதில் பின்னால் வருகிறது, நான் எதிர்பார்க்காத இடத்தில்.

3

பிரச்சினை இதுதான்.

அக்கா சேர்ந்திருக்கும் வாட்ச் கூட்டம் ஞாயிறு காலைகளில் ஒரு முடிதிருத்தும் கடையில் கூடும். கடைக்காரருக்குப் பட்டப்பெயர் நிதானம். கழுத்தில் கத்தி வைக்கும்போது பூகம்பமே வந்தாலும் அவர் கை அசையாது என்று பெயர். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்ததும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் "நல்லா இருக்கீங்களா" என்பார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீணாய்ப்போன வாட்ச்சுகளிலிருந்து உதிரிகளை எடுத்து, ஒருவர் தம் கையாலேயே ஒரு வாட்ச்சை முழுசாகக் கட்டினால், பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தம் குறியைக் கீறிக்கொள்ளலாம். கடைசி முள் வரைக்கும் சொந்தக் கையால் வைத்திருக்க வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது. மூடியைத் திறப்பவருக்கு மட்டும் தெரியும்.

அக்காவும் ஒன்று கட்ட ஆரம்பித்தாள். இயந்திரம் ஒரு வாட்ச்சிலிருந்து, டயல் இன்னொன்றிலிருந்து. வெண்மை போய் மோர் நிறமாகிவிட்ட டயல். பாதியில் ஒரு பல்சக்கரம் உடைந்திருப்பது தெரிந்தது. அதே அளவுச் சக்கரத்துக்காகத் தேடு தேடு என்று தேடினாள். ஒரு வழியாக அது கிடைத்து வீட்டுக்கு வந்தபோது, அவள் கை ஆட ஆரம்பித்திருந்தது.

மருத்துவர் சொன்னார்: உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. நரம்பு சம்பந்தப்பட்ட நடுக்கம். மாத்திரை கொஞ்சம் அடக்கும். போகப் போகக் கூடும், குறையாது.

பல் செய்யும் கூடத்தின் முதலாளி நல்ல மனிதர். "நீங்க இனிமே போன் பாத்துக்கோங்கம்மா" என்று மெல்லிய குரலில் சொன்னார். சம்பளத்தில் கைவைக்கவில்லை. அக்கா அன்று வீட்டுக்கு வந்து சொன்னது:

"இன்னையிலேர்ந்து அடுத்தவன் கட்டின பல்லு எப்ப வரும்னு சொல்றதுதான்டி என் உத்தியோகம்."

அதன்பிறகு அந்த வாட்ச் அவளுக்கு வெறும் வாட்ச்சாக இல்லை. சக்கரத்தை மாட்டிவிட்டாள். தேநீரெல்லாம் தட்டில் கொட்டும் கையோடு, எப்படியோ. மணி முள் வைத்துவிட்டாள். நிமிட முள்ளும் வைத்துவிட்டாள். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. மிச்சம் விநாடி முள். கண்ணிமை மயிர் கனம்தான் இருக்கும். அதன் நடுவில் இருக்கும் துளையை, டயலின் மையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிமுனையில் நேராக இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் முள் வளையும். அழுத்தினால் ஊசி ஒடியும். ஒடிந்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

சாப்பாட்டு மேசைமேல், கவிழ்த்த கண்ணாடித் தம்ளருக்குள், மூடி போடாத அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மேசையில் உட்கார்ந்துதான் நானும் இதை எழுதுகிறேன். (மேசைக்கு ஒரு கால் குட்டை. மாமா அட்டை மடித்து வைத்திருக்கிறார். அட்டை அடிக்கடி நழுவும். என் வீட்டில் எழுத இடமில்லை என்பதை இங்கே விளக்கப்போவதில்லை; அது வேறு கதை, அதற்கும் திட்டு விழும்.)

4

இரண்டாம் வரைவில் எனக்கு ஓர் அபாரமான முடிவு கிடைத்தது. எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைவில் சாவி ஏறி ஓடுவது. அக்காவின் கையோ ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே—பாருங்கள்—அவள் கையில் கட்டிய ஆட்டோமேட்டிக் வாட்ச் நிற்கவே நிற்காது! நடுக்கமே அதற்கு உயிர் கொடுக்கிறது! நான் எழுதியது: "மற்றவர் கைகளில் நின்றுபோகும் கடிகாரம் அவள் கையில் மட்டும்—"

அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள். தாளைக் கீழே வைத்தாள்.

"முடிஞ்சுதா?"

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பொய்."

"கதைன்னா கொஞ்சம்..."

"என் கையைப் பாரு." மடியில் வைத்துக் காட்டினாள். கை தேமே என்று கிடந்தது. "ஆடுதா? சும்மா கெடந்தா ஆடாதுடி இது. ஏதாவது வேலை செய்யப் போனாத்தான் ஆடும். இதைக்கூடக் கவனிக்கல, நீயெல்லாம் எழுத்தாளர்!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "மனசுக்கு ஆறுதலா இருக்குமேன்னு எழுதினேன்" என்றேன்.

"ஆறுதல் யாரு கேட்டா? கையாட்டத்துக்கு ஒரு பிரயோஜனம் கண்டுபிடிச்சுட்டியாக்கும்! எனக்கு இந்தக் கை ஆடக் கூடாது. அவ்ளோதான். ஆடினாலும் அந்த முள்ள நான் வெக்கணும். அதை எழுது."

அந்த வரைவைக் கிழித்தேன். (முழுக்கக் கிழிக்கவில்லை. மேலே இருப்பது அதிலிருந்துதான். எழுதுகிறவளுக்கு வெட்கம் இருக்கலாம், தாளை வீணாக்கும் அளவுக்கு இருக்கக்கூடாது.)

5

மூன்றாம் வரைவில் மாமாவைக் கொண்டுவந்தேன்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மாமாவை நான் சரியாக எழுதியிருக்கிறேனா? இதுவரை படித்தவர்களுக்கு அவர் கேலி பேசும் ஆளாகத் தெரிந்திருப்பார். அது பாதிதான். அக்கா மேசையில் உட்காரும்போதெல்லாம் அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஒரு தடவை பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் அவ தோத்து எழுந்து வர்றத என்னால பார்க்க முடியலம்மா" என்றார். "ஒரு முள்ளு. மயிரளவு முள்ளு. நம்ம வீட்டையே குத்துது."

அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். என் வரைவில் அந்தக் கணவன், மனைவி வேலைக்குப் போன சமயம் பார்த்து, கை நடுங்காத ஒரு நண்பரைக் கூட்டிவந்து முள்ளை வைத்துவிடுகிறான். அவள் திரும்பி வந்ததும், "நேத்து நீதானே வெச்சே, மறந்துட்டியா?" என்கிறான். பொய் என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பொய்யில் இருக்கும் அன்பும் தெரிகிறது. கண் கலங்க அவன் தோளில்—

(சரி, சரி. எனக்கும் அப்போது கொஞ்சம் கண் கலங்கியிருந்தது.)

தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். அக்கா படிக்கட்டும் என்று. அவளுக்கு முன்னால் மாமா படித்துவிட்டார்.

6

மாமா என் கதையை இதுவரை படித்ததே இல்லை. படித்த ஒன்றை அப்படியே நிறைவேற்றிவிட்டார்.

மறுநாள் மாலை நான் உள்ளே நுழையும்போது அக்கா கைப்பையைக்கூட இறக்காமல் மேசைமுன் நின்றிருந்தாள். தம்ளருக்குள் விநாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் அடிப்பாள், ஆனால் இருந்தது. மோர் நிற டயலில் அந்தக் கறுப்பு முள் துடித்துத் துடித்துப் போனது. மாமா சமையலறை வாசலில் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"யாரு வெச்சது?" என்றாள் அக்கா.

"நேத்து நீதானே வெச்சே, மறந்துட்டியா?" என்றார் மாமா. என் வசனம். ஒரு எழுத்து பிசகாமல்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கைதாங்க ஆடுது. மூளை ஆடல."

அவள் உட்கார்ந்தாள். தம்ளரை எடுத்தாள். பல் வேலைக்கு வைத்திருக்கும் ஒட்டுமெழுகை ஒரு குச்சி நுனியில் உருட்டி, இரண்டு கையாலும் பிடித்து, முள்ளின் மையத்தில் ஒற்றி மேலே இழுத்தாள். வைப்பது கடினம், பிடுங்குவது அவ்வளவு கடினமில்லை. முள் வந்துவிட்டது. அதைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, விநாடி காட்டாமல்.

"ஏம்மா..." என்றார் மாமா.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எழுதிக் குடுத்தவ மேலதான்." டப்பாவை விரலால் தட்டினாள். "இன்னொருத்தர் வெச்ச முள்ளோட இது ஓடினா, அந்த மூடியில நான் எந்தப் பேரைக் கீறுறது? வாங்கறதுக்கு எத்தனையோ வாட்ச் இருக்கு. இது ஒண்ணுதான் நான் கட்டறது. என் கைக்கு எப்ப ஓய்வுன்னு நான் சொல்லணும். வேலையில அவங்க போன் குடுத்து சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் அன்பு காட்டிச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அக்கா எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் எழுதியிருந்ததில் அழுதது அவள். நடந்தது இப்படி.

6-அ

(சிறு குறிப்பு. முள்ளை வைத்தது முடிதிருத்தும் கடை நிதானம்தான். அடுத்த ஞாயிறு கடையில் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், வழக்கப்படி மணிக்கட்டையும் பார்க்காமல், தரையைப் பார்த்தார். "நீங்களே கேட்டதா உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா." "முள்ளு நேராத்தான் உக்காந்திருந்துச்சு, உங்க கைக்குக் குறை சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை தொட்டீங்கன்னா முடிய வேற கடையில வெட்டிக்குவேன்." அவள் முடி வெட்டிக்கொள்வதே அங்கே இல்லை. இருந்தாலும் அவர் பயந்துபோனார்.)

7

அக்கா எனக்குப் போட்ட நிபந்தனை: "கதைய எழுது. முடிவ மட்டும் எழுதாத. நீ எழுதினா இந்த மனுஷன் செஞ்சு வெச்சுடுவார்."

எத்தனையோ பேர் தங்கள் எழுத்தால் உலகம் மாற வேண்டும் என்று தவம் கிடக்கிறார்கள். எனக்கு அது ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்டது. இனி நான் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டும்.

அவள் விடவில்லை. பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டரில் ஒரு கட்டி செய்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். முழங்கைகளை மேசையோடு துணியால் கட்டிப் பார்த்தாள். அன்று அழைப்பு மணி அடித்ததும் மேசையோடு எழுந்திருக்கப் பார்த்தாள். முள் மூன்று முறை கீழே விழுந்தது. மூன்று முறையும் மாமாவும் நானும் தரையில் தவழ்ந்து தேடினோம். உதவி என்று எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் காலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏய், இதைப் பாரு."

வலது கையில் ஒரு குண்டு வாட்ச் கட்டியிருந்தாள். முழுக்க எஃகு, எஃகுச் சங்கிலி, தண்ணீருக்குள் முங்குபவர்கள் கட்டுகிற மாதிரி. சந்தையில் அதன் கனத்தைப் பார்த்தே வாங்கிவந்தது. அன்றைக்கு ஏனோ வலது கையில் மாட்டியிருந்தாள். தேநீர் தளும்பியது. ஆனால் தட்டில் கொட்டவில்லை.

வாட்ச்சைக் கழற்றிவிட்டுத் தேநீர்த் தம்ளரைத் தூக்கினாள். கொட்டியது. மறுபடி மாட்டித் தூக்கினாள். கொட்டவில்லை.

எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தாள். அடுத்த குண்டு வாட்ச்சை எடுத்து முதலாவதன் மேலே கட்டினாள். அதற்குமேல் இன்னொன்று. அடுத்ததற்குச் சங்கிலி பத்தாமல் போக, தோல் வார் போட்ட ஒன்றை எடுத்துக் கடைசித் துளையில் இழுத்து மாட்டினாள். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்தாள், அது பழக்கதோஷம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வாட்ச்சாக ஆகிவிட்டது.

மாமா பல் துலக்கிக்கொண்டே வந்தவர், நுரையோடு நின்றுவிட்டார்.

"என்ன கோலம் இது?"

"கை இருக்கிறது ரெண்டு, எதுக்கு இத்தனைன்னு கேட்டீங்களே." கையை நீட்டிக் காட்டினாள். கை ஆடியது. ஆனால் கனத்தை இழுத்துக்கொண்டு ஆடவேண்டியிருந்தது, முன்னைப்போல் துள்ளவில்லை. "இதுக்குத்தான்."

இதை நான் கற்பனை செய்யவில்லை. இது எனக்குத் தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கு இத்தனை வரைவு ஆகியிருக்காது.

8

இப்போது என்னிடம் உள்ள முடிவுகள்:

அ) முள் உட்கார்ந்துவிடுகிறது. இதை எழுதினால், மாமா படித்துவிட்டு, நடப்பதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

ஆ) உட்காரவில்லை, ஊசி ஒடிகிறது. இதை எழுதினால், எனக்குப் பாடம் புகட்டவே அக்கா அதை வைத்துக் காட்டுவாள். அப்புறம் அது என்மேல் உள்ள கோபத்தில் வைத்த முள் ஆகிவிடும்.

இ) முயற்சிதான் முக்கியம், முள் அல்ல, என்று அவள் உணர்ந்து புன்னகையோடு—

(இதை வாசித்துக் காட்டினேன். "முள்ளுதான்டி முக்கியம்" என்றாள்.)

எதுவும் வேண்டாம். நடப்பதைச் சொல்கிறேன், நடக்கிறவரைக்கும்.

ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழுகிறது. தம்ளரை எடுத்து ஓரம் வைத்தாயிற்று. பின்மூடி பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறது, அதன்மேல் குறி கீற ஓர் ஊசி. அக்கா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டாள். முழங்கை வரைக்கும் வாட்ச்சுகள் டிக்டிக் என்று ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குச்சி நுனி மெழுகில் விநாடி முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமா கதவருகே நிற்கிறார்; தப்பித்தவறி உதவிக்கு வந்துவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கம் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கை இறங்குகிறது. ஆடுகிறது. நிற்கிறது, மறுபடி ஆடுகிறது. முள்ளின் துளை ஊசிமுனைக்கு மேலே வந்து, விலகி, திரும்ப வருகிறது. இவ்வளவு கிட்டத்தில் அது வந்து நான் பார்த்ததில்லை. இப்போது—

"ஏய்."

"என்னக்கா?"

"அட்டை நழுவிடுச்சு போல. நீ எழுதுறதுல மேசை ஆடுது. நிறுத்துடி."

உண்மைதான், ஆடுகிறது. அவள் கை இல்லை, மேசை. மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வாசகரே. நான் பேனாவைக் கீழே வைக்கவேண்டும்.